வேர் மண்டலத் திறவுகோல் மாற்றம், 2026: வலையமைப்புப் பொறுப்பாளர்களுக்கான கேள்வி பதில்

டொமைன் பெயர்களைப் போலி விடைகளிலிருந்து காக்கும் டிஎன்எஸ்செக் முறையின் தலைமைத் திறவுகோல் 2026 அக்டோபர் 11 அன்று மாற இருக்கிறது. இந்த மாற்றம் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 2018-இல், நடந்திருக்கிறது. கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம், சிறிய இணையச் சேவை நிறுவனம் போன்ற இடங்களில் டொமைன் பெயர்களுக்குரிய எண் முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் ரிசால்வரைத் தாமே நடத்துபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

மாறப்போவது எந்தத் திறவுகோல்?

ஒரு டொமைன் பெயருக்குக் கிடைக்கும் விடை உரியவரிடமிருந்துதான் வந்தது, வழியில் யாரும் அதைத் திருத்தவில்லை என்பதை டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்வதே டிஎன்எஸ்செக். ஒவ்வொரு நிலையின் திறவுகோலுக்கும் அதற்கு மேலுள்ள நிலை சான்றளிக்கிறது. டாட் இன் மண்டலத்தின் கீழுள்ள ஒரு பெயருக்கு டாட் இன் சான்றளிக்கிறது. டாட் இன்னுக்கு, எல்லா டொமைன் பெயர்களுக்கும் உச்சியில் உள்ள வேர் மண்டலம் சான்றளிக்கிறது. வேர் மண்டலத்துக்குச் சான்றளிக்க மேலே யாரும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்துக்கு வட்டாட்சியரும், வட்டாட்சியரின் கையொப்பத்துக்கு அவருக்கு மேலுள்ளவரும் பொறுப்பேற்றுக்கொண்டே போனால், உச்சியில் இருப்பவரின் மாதிரிக் கையொப்பம் நம் கையில் முன்பே இருந்தால்தான் முழு வரிசையையும் நம்ப முடியும். அதைப் போல, வேர் மண்டலத் திறவுகோலின், யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பாதியை ஒவ்வொரு ரிசால்வரும் முன்கூட்டியே தன்னிடம் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவுக்கு டிரஸ்ட் ஆங்கர் என்று பெயர்.

வேர் மண்டலத்தில் இரண்டு வகைத் திறவுகோல்கள் உள்ளன. மண்டலத்திலுள்ள விவரங்களுக்குக் கையொப்பமிடும் இசட்எஸ்கே மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. அதற்குக் கேஎஸ்கே என்னும் தலைமைத் திறவுகோல் சான்றளிப்பதால் அந்த மாற்றம் யாருக்கும் தெரிவதில்லை. இப்போது மாறப்போவது அந்தக் கேஎஸ்கேயே. இன்று பணியில் இருக்கும் கேஎஸ்கேயின் அடையாள எண் 20326. அதன் இடத்துக்கு வரவிருப்பதன் எண் 38696. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் இவற்றைத் தேடுவதற்காகவே.

பழைய திறவுகோல் திருடு போய்விட்டதா? ஏன் மாற்ற வேண்டும்?

திருடு போகவில்லை, அதன் வலிமை குறைந்துவிட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. வேர் மண்டலம் முதன்முதலில் 2010 ஜூலை 15 அன்று கையொப்பத்துடன் வெளியானபோதே, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கேஎஸ்கே மாற்றப்படும் என்று அதன் நடைமுறை விதிகளில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் முதல் மாற்றத்துக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. மாற்றிப் பழகாத பூட்டை அவசரத்தில் மாற்ற முடியாது. ஒரு நாள் உண்மையிலேயே திறவுகோல் வெளியே கசிந்தால், உலகம் முழுவதும் உள்ள ரிசால்வர்களைச் சில நாட்களில் புதியதற்கு நகர்த்த வேண்டியிருக்கும். அதற்கான பழக்கம் அமைதியான காலத்தில்தான் உருவாக முடியும். எனவே இந்த வேலையைத் தேவையற்ற தொல்லை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தச் சுற்றிலும் ஒரு தாமதம் நேர்ந்தது. 2023 ஏப்ரலில் ஒரு புதிய கேஎஸ்கே உருவாக்கப்பட்டது. ஆனால் திறவுகோலைப் பாதுகாக்கும் எச்எஸ்எம் கருவியின் உற்பத்தியை அதன் தயாரிப்பாளர் நிறுத்தப்போவதாகத் தெரியவந்ததால், அந்தத் திறவுகோல் பணிக்கு வராமலேயே கைவிடப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் கருவியில் 2024 ஏப்ரல் 26 அன்று மீண்டும் ஒன்று உருவாக்கப்பட்டது. அதுவே 38696.

திறவுகோலின் ரகசியப் பாதி எங்கே, யார் கையில் இருக்கிறது?

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும், கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் உள்ள இரண்டு பாதுகாப்பு மையங்களில் இருக்கிறது. டொமைன் பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் சார்பில், அதன் ஐஏஎன்ஏ பிரிவு அவற்றை நடத்துகிறது. ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் திறவுகோல் நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகிறது. ஒவ்வொரு மையத்துக்கும் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேர் உள்ளனர். அவர்களில் குறைந்தது மூன்று பேர் நேரில் வந்து, தங்கள் பொறுப்பிலுள்ள ஸ்மார்ட் கார்டுகளை அளித்தால்தான் கருவி இயங்கும். 2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் நடக்க வேண்டிய நிகழ்ச்சிக்கு முன் ஒரு பெட்டகத்தின் பூட்டு பழுதாகி, அதைத் துளையிட்டுத் திறந்த பிறகே, சில நாள் தாமதத்துடன் நிகழ்ச்சி நடந்தது. யாருடைய கணினியிலோ ஒரு கோப்பாகக் கிடக்கும் திறவுகோல் அல்ல இது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் இணையதளத்துக்கோ டொமைனுக்கோ ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். உங்கள் டொமைன் டிஎன்எஸ்செக் கையொப்பத்துடன் இருந்தாலும் அதன் திறவுகோல்களில் எந்த மாற்றமும் இல்லை. உங்கள் பதிவாளரிடம் கொடுத்துள்ள, உங்கள் திறவுகோலை மேல்நிலைக்கு அடையாளம் காட்டும் டிஎஸ் பதிவும் அப்படியே இருக்கும். இணையதளத்தின் பூட்டுக் குறிக்குப் பின்னாலுள்ள டிஎல்எஸ் சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சான்றிதழைப் புதுப்பித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. வேர் சர்வர்களின் முகவரிகளும் இதனால் மாறுவதில்லை.

கவனிக்க வேண்டியது, பெயர்களைத் தேடிக் கொடுத்து, கையொப்பங்களைத் தானே சரிபார்க்கும் ரிசால்வரை மட்டுமே. வீட்டு மோடம் சேவை நிறுவனத்தின் ரிசால்வரையோ கூகுள், கிளவுட்ஃபிளேர், குவாட்9 போன்ற பொது ரிசால்வர்களையோ அப்படியே பயன்படுத்தி, தான் எதையும் சரிபார்க்காமல் இருந்தால், இந்த வேலை அவர்களுடையது. ஆனால் பொது ரிசால்வருக்குக் கேள்விகளை அனுப்பிவிட்டு, வரும் விடைகளை உங்கள் சர்வரும் மறுபடி சரிபார்க்கிறது என்றால், உங்களிடமும் 38696 இருந்தாக வேண்டும். இந்த இடைநிலையில் உள்ள சர்வர்களே அதிகம் மறக்கப்படுகின்றன.

ஆயத்தமில்லாத வலையமைப்பில் என்ன நடக்கும்?

ஏறக்குறைய எல்லாப் பெயர்களுக்குமான தேடலும் தோல்வியடையும். ரிசால்வர் ஒவ்வொரு கேள்விக்கும் சர்வ்ஃபெயில் என்ற பிழையைத் திருப்பும். கையொப்பமே இல்லாத டொமைன்களும் தப்பாது. அவற்றுக்குக் கையொப்பம் இல்லை என்பதையும் வேர் மண்டலத்திலிருந்து தொடங்கும் சான்றின் வழியாகவே ரிசால்வர் உறுதிசெய்ய வேண்டும். எண் முகவரிக்குப் பிங் போகும், கேபிளும் சுவிட்சும் சரியாக இருக்கும், ஆனால் மின்னஞ்சல், வங்கிப் பக்கம், தேடுபொறி எதுவும் திறக்காது. பயனர் பார்வையில் அது இணையம் செத்துப்போனதற்குச் சமம்.

நிறுத்தம் குறித்த நேரத்தில் வந்துவிடாது என்பது இதைவிட முக்கியம். வேர் மண்டலத்தின் திறவுகோல் பதிவை ரிசால்வர்கள் 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். 2026 அக்டோபர் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு எல்லாம் ஓடுவதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போனவரின் தொலைபேசி திங்கள் நண்பகலிலோ செவ்வாய்க்கிழமையோ ஒலிக்கக்கூடும். அதற்குள் திறவுகோல் மாற்றத்தை எல்லோரும் மறந்து, ஃபயர்வாலையும் கேபிளையும் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

ரிசால்வர்கள் தாமாகவே புதிய திறவுகோலைக் கற்றுக்கொள்ளும் என்கிறார்களே?

கற்றுக்கொள்ளும். ஆர்எஃப்சி 5011 என்ற தரநிலை அதற்காகவே உள்ளது. வேர் மண்டலத்தில் புதிய கேஎஸ்கே தென்பட்டு, ஏற்கெனவே நம்பும் பழைய கேஎஸ்கே அந்தத் தொகுப்புக்குக் கையொப்பமிட்டிருந்தால், ரிசால்வர் அதைக் குறித்துக்கொள்ளும், உடனே நம்பிவிடாது. இடைவிடாமல் 30 நாட்கள் அது அங்கேயே இருப்பதைப் பார்த்த பிறகே அதை டிரஸ்ட் ஆங்கராக ஏற்கும். யாரேனும் பழைய திறவுகோலைத் திருடித் தன் திறவுகோலை நுழைத்தாலும், அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஒரு மாத அவகாசம் இருக்க வேண்டும் என்பதே இந்தக் காத்திருப்பின் நோக்கம்.

38696 வேர் மண்டலத்தில் 2025 ஜனவரி 11 முதல் வெளியிடப்பட்டிருக்கிறது. அன்று முதல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், ஆர்எஃப்சி 5011 செயல்படும் ஒரு ரிசால்வர் 2025 பிப்ரவரி நடுவிலேயே அதை ஏற்றிருக்க வேண்டும். இதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மாற்ற நாள் வரை காத்திருந்து என்ன நடக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. உங்கள் சர்வர் ஆயத்தமா இல்லையா என்பதற்கான விடை ஏற்கெனவே அதன் டிஸ்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதை இன்று திறந்து படிக்க ஐந்து நிமிடம் போதும்.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், அதன் அமைப்புக் கோப்பில் டிரஸ்ட் ஆங்கர் எந்தக் கட்டளையின் கீழ் தரப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆட்டோ என்று தொடங்கும் கட்டளையாக இருந்தால் அது தானாகப் புதுப்பிக்கும் வகை. அந்த முன்னொட்டு இல்லாவிட்டால் அது நிலையான நகல். யாராவது கைப்பட மாற்றும் வரை மாறாது. பிறகு அந்தக் கட்டளை சுட்டும் ரூட் டாட் கீ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திறவுகோல் வரியின் முடிவிலும் அதன் நிலை எழுதப்பட்டிருக்கும். 38696 எண்ணுள்ள வரியில் வேலிட் என்று இருந்தால் வேலை முடிந்தது. ஆட்பெண்ட் என்று இருந்தால் அது இன்னும் 30 நாள் காத்திருப்பில் இருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

பைண்ட் என்ற மென்பொருளை நடத்துபவர்கள், சரிபார்ப்புக் கட்டளை ஆட்டோ என்று இருக்கிறதா, எஸ் (yes) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ என்றால் மென்பொருளோடு வரும் வேர்த் திறவுகோலில் தொடங்கித் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எஸ் என்றால் டிரஸ்ட் ஆங்கரை நீங்கள் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும், அங்கேதான் ஆபத்து. பழைய அமைப்புகளில் டிரஸ்டட் கீஸ் என்ற பகுதியிலும், புதிய பதிப்புகளில் ஸ்டாட்டிக் என்று தொடங்கும் வரிகளிலும் தரப்படும் திறவுகோல் ஒருபோதும் தானாக மாறாது. பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கருவியின் மேனேஜ்டு கீஸ் நிலைக் கட்டளை, எந்தத் திறவுகோல் எந்த நாளிலிருந்து நம்பப்படுகிறது என்பதைத் தேதியோடு காட்டும். இந்த விடையை மட்டும் நம்புங்கள். அமைப்புக் கோப்பைப் படித்து ஊகிப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே கேட்பது மேல்.

பவர்டிஎன்எஸ் ரிகர்சர் என்ற ரிசால்வர் மென்பொருள் ஆர்எஃப்சி 5011-ஐப் பின்பற்றுவதில்லை. வேர்த் திறவுகோல்கள் மென்பொருளுக்குள்ளேயே வருவதால், அதற்கு ஆயத்தம் என்பது புதிய பதிப்புக்கு மாறுவதுதான். டிஎன்எஸ்மாஸ்க்கும் அப்படியே, அதன் டிரஸ்ட் ஆங்கர் ஒரு சிறிய அமைப்புக் கோப்பில் நிலையாக இருக்கும். இந்த நிரல் சிறிய ரவுட்டர்களிலும் வைஃபை கருவிகளிலும் பரவலாக இருப்பதால், அவற்றின் ஃபர்ம்வேர் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். விண்டோஸ் சர்வரில் டிஎன்எஸ் மேலாண்மைத் திரையின் டிரஸ்ட் பாயின்ட்ஸ் பகுதியில் வேருக்கான பதிவுகளைக் காணலாம்.

இவை தவிர, வெளியிலிருந்தே சோதிக்கும் வழியும் உண்டு. ஆர்எஃப்சி 8509 வகுத்த சென்டினல் முறைப்படி, 38696 என்ற எண்ணைத் தன் பெயரிலேயே தாங்கிய சோதனைப் பெயர்களை ரிசால்வரிடம் கேட்டால், அந்தத் திறவுகோலை அது நம்புகிறதா என்பது விடையிலிருந்து தெரிந்துவிடும். ஆனால் எல்லா மென்பொருளும் இதை ஆதரிப்பதில்லை. சர்வருக்குள் நுழையும் உரிமை உங்களிடம் இருக்கும்போது கோப்பையே பார்த்துவிடுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டோம். அது போதாதா?

போதாது. 2018 மாற்றத்துக்கு முன் நான் பராமரிப்பில் உதவிய ஒரு வளாக வலையமைப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். அன்பவுண்ட் அமைப்புக் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டோ கட்டளை இருந்தது. ரூட் டாட் கீ கோப்பின் உரிமையாளரும் அன்பவுண்ட் பயனராகவே இருந்தார். ஆனால் அந்தக் கோப்பில், 2018 மாற்றம் வரை பணியில் இருந்த பழைய கேஎஸ்கேயான 19036 மட்டும்தான் இருந்தது. அது மாற்றப்பட்ட கடைசித் தேதி, சர்வர் நிறுவப்பட்ட நாள். லாகைப் புரட்டியபோது, எழுதுவதற்குக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்ற ஒரே வரி மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது. யாரும் அதைப் படித்திருக்கவில்லை.

பிழை கோப்பில் இல்லை, அது இருந்த அடைவில் இருந்தது. அன்பவுண்ட் பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. அருகிலேயே ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடித்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. பாதியில் மின்சாரம் போனாலும் கோப்பு சிதையாமல் இருக்க இது நல்ல வழி. ஆனால் அதற்கு அடைவில் புதுக் கோப்பு உருவாக்கும் உரிமை வேண்டும். அங்கே அடைவு ரூட் பயனருக்குச் சொந்தமாக இருந்தது. ஒரே ஒரு கட்டளையில் உரிமையை மாற்றினோம். அந்த ஒரு கட்டளை இல்லாதிருந்தால் பல ஆயிரம் மாணவர்களின் இணையம் நின்றிருக்கும். பைண்டிலும் மேனேஜ்டு கீஸ் கோப்பு இருக்கும் அடைவுக்கு இதே சோதனை தேவை. ஆப்ஆர்மர், எஸ்ஈலினக்ஸ் போன்ற காவல் அமைப்புகள் ஓடும் இடங்களில், கோப்பு உரிமை சரியாக இருந்தும் அவை தடுக்கலாம்.

கன்டெய்னர்கள், மெய்நிகர் சர்வர்கள், மாற்று சர்வர்கள் பற்றி?

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பகுதிதான். ஆர்எஃப்சி 5011 முறை, நினைவாற்றல் உள்ள, நீண்ட நாள் ஓடும் ஒரு சர்வரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கன்டெய்னர் ஒவ்வொரு முறை மறுதொடக்கம் ஆகும்போதும் இமேஜில் உள்ள பழைய நிலைக்கே திரும்புகிறது. ரூட் டாட் கீ கோப்பு வெளி டிஸ்கில் தனியாக வைக்கப்படாவிட்டால் அந்த 30 நாள் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்து தொடங்கும். வாரம் ஒரு முறை புதிதாக ஏற்றப்படும் கன்டெய்னர் ஒருபோதும் 30-ஐ எட்டாது. எனவே கன்டெய்னர்களுக்குத் தானியங்கிக் கற்றலை நம்பாமல், 38696 ஏற்கெனவே உள்ளடங்கிய புதிய இமேஜைக் கட்டிப் பயன்படுத்துங்கள்.

மெய்நிகர் சர்வரின் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதும் இதே விளைவைத் தரும். அக்டோபருக்குப் பின் ஏதோ வேறு கோளாறுக்காக 2024 ஆண்டு ஸ்னாப்ஷாட்டை ஏற்றினால், பழைய கேஎஸ்கே மட்டுமே அறிந்த ரிசால்வர் உயிர் பெறும். அவசர காலத்துக்கென்று அணைத்து வைத்திருக்கும் மாற்று சர்வரும் அதே நிலையில் இருக்கலாம். முதன்மை சர்வர் விழுந்த நாளில் அதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை. அதை ஒரு முறை இயக்கி, மென்பொருளைப் புதுப்பித்து, கோப்பைப் பார்த்துவிட்டு அணையுங்கள். புதிதாக ஒரு சர்வரைப் பழைய நிறுவல் வட்டிலிருந்து எழுப்புவதாக இருந்தால் ஒரு கணக்கும் உண்டு: 2026 செப்டம்பர் 11-க்குப் பின் பழைய திறவுகோலோடு மட்டும் தொடங்கும் சர்வருக்கு மாற்ற நாளுக்கு முன் 30 நாட்கள் கிடைக்காது.

2017-இல் மாற்றம் ஒத்திவைக்கப்பட்டதே, அது எதனால்?

முதல் மாற்றம் 2017 அக்டோபர் 11-க்குத் திட்டமிடப்பட்டிருந்தது. தான் எந்தத் திறவுகோலை நம்புகிறது என்பதை ரிசால்வரே வேர் சர்வருக்குச் சொல்லும் ஆர்எஃப்சி 8145 வசதி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அந்தத் தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் ரிசால்வர்கள் பழைய திறவுகோலை மட்டுமே வைத்திருப்பது தெரிந்தது. உலகில் 75 கோடிப் பயனர்கள் சரிபார்க்கும் ரிசால்வர்களுக்குப் பின்னால் இருப்பதாக ஐகான் அப்போது மதிப்பிட்டிருந்தது. செப்டம்பர் 27 அன்று, இரண்டே வாரம் இருக்கையில், மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. பெரிய அமைப்பு ஒன்று தன் தேதியைவிடப் பயனர்களின் பாதுகாப்பை முன்னால் வைத்ததாகவே அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

பிறகு நடந்த ஆராய்ச்சியில், பழைய திறவுகோலை மட்டும் அறிவித்தவற்றில் கணிசமானவை, ரிசால்வர் நூலகம் ஒன்றைத் தன்னுள்ளே பொதிந்து, அதில் பழைய திறவுகோலை நிலையாக எழுதிவைத்திருந்த ஒரு விபிஎன் செயலியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆயத்தப் பட்டியலில் சர்வர்களோடு, டிஎன்எஸ்செக் சரிபார்ப்பைத் தானே செய்யும் பயன்பாட்டு மென்பொருள்களும் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். மாற்றம் 2018 அக்டோபர் 11 அன்று இந்திய நேரம் இரவு 9:30 மணிக்கு நடந்து, பெரும் பாதிப்பின்றி முடிந்தது.

ஃபயர்வாலில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் மாற்றம் தேவையில்லை, சோதனை தேவை. வேர் மண்டலத்தில் இரண்டு கேஎஸ்கேயும் ஓர் இசட்எஸ்கேயும் இருக்கும்போது திறவுகோல் விடையின் அளவு 1139 பைட். காலாண்டு முடிவில் இரண்டு இசட்எஸ்கே சேர்ந்திருக்கும் சில நாட்களில் அது 1414 பைட் ஆகும். பழைய கேஎஸ்கே ரத்து அறிவிப்போடு இரட்டைக் கையொப்பத்தில் வரும்போது 1425 ஆகும். இன்றைய ரிசால்வர்கள் யுடிபி வழியாக 1232 பைட்டுக்கு மேல் ஏற்காதபடி அமைக்கப்படுவது வழக்கம். அதற்கு மேற்பட்ட விடை வெட்டப்பட்டு, ரிசால்வர் டிசிபி வழியாக மீண்டும் கேட்கும். டிஎன்எஸ் என்றால் யுடிபி 53 மட்டும்தான் என்று நினைத்து டிசிபி 53-ஐ மூடிவைத்திருக்கும் ஃபயர்வால்கள் நம் ஊரிலும் இன்னும் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில், சாதாரண நாட்களில் எல்லாம் நன்றாக ஓடி, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் சரிபார்ப்பு தோற்கும். ரிசால்வரிலிருந்து வேர் சர்வர் ஒன்றுக்கு டிசிபி வழியாகவே கேள்வி அனுப்பி விடை வருகிறதா என்று டிக் கருவியில் பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டுமா?

ஆம். கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. பேட்டரி செத்த சிறிய கருவி ஒன்று மின்தடைக்குப் பின் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியில் எழுந்தால், எந்தக் கையொப்பமும் அதற்குச் செல்லாது. நேரத்தைச் சரிசெய்ய நேர சர்வரின் பெயரைத் தேட முயன்றால் அந்தத் தேடலும் தோற்கும். அத்தகைய கருவிகளில் ஒரு நேர சர்வரையாவது எண் முகவரியாகவே கொடுத்துவையுங்கள்.

மாற்றத்துக்குப் பின் பெயர்த் தேடல் தோற்றால் என்ன செய்வது?

முதலில் காரணம் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள். சர்வ்ஃபெயில் தரும் அதே பெயரை, சரிபார்ப்பைத் தவிர்க்கச் சொல்லும் சிடி குறியோடு மீண்டும் கேளுங்கள். அப்போது விடை வந்தால் கோளாறு சரிபார்ப்பில் இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் வேறெங்கோ தேட வேண்டும். கோளாறு சரிபார்ப்பில்தான் என்றால், டிரஸ்ட் ஆங்கர் கோப்பில் 38696 உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் மென்பொருள் தொகுப்பைப் புதுப்பியுங்கள்; அன்பவுண்டில் அன்பவுண்ட் ஆங்கர் என்ற துணைக் கருவி, தன்னுள் இருக்கும் ஐகான் சான்றிதழைக் கொண்டு திறவுகோலைப் பாதுகாப்பாகப் பெற்றுத் தரும். கைப்பட எழுத நேர்ந்தால், ஐஏஎன்ஏ வெளியிடும் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். யாரோ எங்கோ ஒட்டிவைத்த திறவுகோலை எடுத்துப் பதிப்பது, வீட்டுப் பூட்டையே அந்நியரிடம் வாங்குவதாகும். பிறகு தற்காலிக நினைவகத்தை அழித்து ரிசால்வரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது என்றால், சரிபார்ப்பைத் தற்காலிகமாக அணைப்பது நியாயமானதே. ஆனால் அணைக்கும்போதே மறுபடி இயக்கும் தேதியையும் பொறுப்பாளர் பெயரையும் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். அணைத்த சரிபார்ப்பை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்; எல்லாம் ஓடுவதுபோலவே தெரியும். மீண்டும் இயக்கியபின், வேண்டுமென்றே பிழையான கையொப்பத்தோடு வைக்கப்பட்டிருக்கும் டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு டாட் ஆர்க் என்ற பெயரைக் கேட்டுப் பாருங்கள். அது சர்வ்ஃபெயில் தர வேண்டும். தளம் திறந்துவிட்டால் உங்கள் ரிசால்வர் இன்னும் எதையும் சரிபார்க்கவில்லை.

அக்டோபருடன் வேலை முடிந்துவிடுமா?

பழைய திறவுகோல் சில மாதங்கள் கழித்து ரத்து அறிவிப்போடு வெளியாகும். திறவுகோல் பதிவின் குறி எண் வழக்கமாக 257. ரத்தானதில் அது 385 ஆக இருக்கும். அதைப் பார்த்ததும் ஆர்எஃப்சி 5011 பின்பற்றும் ரிசால்வர்கள் 20326-ஐத் தாமாகவே கைவிடும். சென்ற முறை 19036 ரத்து அறிவிப்போடு வெளியான 2019 ஜனவரி 11-க்கும், மண்டலத்திலிருந்து நீக்கப்பட்ட மார்ச் 22-க்கும் இடையில், பழைய மென்பொருள்கள் சில ஓயாமல் திறவுகோலைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் வேர் சர்வர்களுக்கு வந்த அந்த வகைக் கேள்விகள் பல மடங்கு பெருகின. அப்போது ஐயத்துக்கு உள்ளானவற்றில் பைண்டின் பழைய பதிப்புகளும் உண்டு.

நிலையான நகலாக 20326-ஐ எழுதிவைத்திருப்பவர்கள், ரத்து முடிந்தபின் அந்த வரியைக் கையால் நீக்க வேண்டும். நீக்க உட்காரும்போது, அந்த நிலையான பகுதியையே எடுத்துவிட்டுத் தானாகப் புதுப்பிக்கும் அமைப்புக்கு மாறுங்கள். கூடவே அடைவின் எழுதும் உரிமையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.